பத்து நிமிட அமைதி

மணி இரண்டு. ஜெர்வினுக்கு வேண்டியிருந்தது பத்தே பத்து நிமிட அமைதி. வீட்டிலோ மறுநாள் கல்யாணம்.

கல்லூரிப் பரிமாற்றத்தில் ஒரு பருவம் படிக்கப் பின்லாந்து போயிருந்தவன், அக்கா ஷாரனின் கல்யாணத்துக்காக முந்தாநாள்தான் வந்து இறங்கியிருந்தான். அங்கே பருவம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டான். பாக்கி ஒன்றே ஒன்று: இரண்டரை மணிக்குப் பேராசிரியை ஐனோவுடன் வீடியோ காலில் வாய்மொழித் தேர்வு. கேள்வியும் ஒன்றுதான். 'இந்தப் பருவத்தில் என்ன கற்றுக்கொண்டாய்?'

இதில் கோட்டை விட்டால் நீர் மேலாண்மை படித்த ஐந்து மாதமும் வீண். இங்கே கல்லூரியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். தலைப்பு: 'அமைதி எனக்குக் கற்றுத்தந்தவை'.

கொரட்டூரில் அவர்கள் தெருவை அடைத்துப் பந்தல். நாலு மூலையிலும் ஹாரன் ஸ்பீக்கர்கள் அலறிக்கொண்டிருந்தன. ஜெர்வின் தன் அறைக் கதவைத் திறந்தான். உள்ளே ஷாரனுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்தாள்.

"பொம்பளைங்க இருக்கிற ரூம்ல உனக்கு இன்னாப்பா வேலை?"

கதவு மூடப்பட்டது. வெளியே அம்மா லூர்தம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"சாப்ட்டியாடா?"

"அப்பறம்மா."

"அங்க தெனமும் ஆக்கித் தின்ன புள்ள, இங்க வந்து பட்டினி கெடக்குது பாரு!"

ஜெர்வின் தெருவுக்கு ஓடினான். மைக்செட் பாபு ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பாபு அண்ணா, சவுண்டைக் கொஞ்சம் கொறைங்க. எனக்கு எக்ஸாம் கீது."

"கொறைச்சா உங்க நைனா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு தம்பி. வேணும்னா ஒண்ணு பண்றேன். ஹாரனை வேற பக்கம் திருப்பி உட்டுடறேன்."

ஜெர்வின் நிம்மதியாக மொட்டை மாடிக்கு ஏறினான். பாபு ஹாரனைத் திருப்பியிருந்தார். மொட்டை மாடிப் பக்கமாக.

கீழே வந்து குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டான். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்த இரண்டாம் நிமிடம் கதவு இடிபட்டது.

"ஜெர்வினு, கதவைத் தொற! அவசரம்!" பெரியப்பாவின் குரல்.

"பெரியப்பா, எனக்குப் பரீட்சை!"

"இங்க எனக்கும் அதாண்டா!"

கடைசியில் சித்தப்பாவின் காருக்குள் புகுந்து, பின் சீட்டில் குனிந்துகொண்டான். சரியாக இரண்டரைக்குப் பேராசிரியையின் முகம் தெரிந்தது. ஜெர்வின் தொண்டையைச் செருமினான்.

"அமைதி என்பது..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். கார் நகர்ந்தது.

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஜெர்வின், உன் ஜன்னலில் ஓர் எருமை கடந்து போகிறதே?"

"அண்ணே, நிறுத்துங்க!"

டிரைவர் தூக்கிவாரிப்போடத் திரும்பினார். "அய்யய்யோ, உள்ள கீறியா நீ? ஸ்டேஷன்ல சொந்தக்காரங்களை ஏத்தியார சொன்னாங்கப்பா!"

"மேடம், ஐந்தே நிமிடம் கொடுங்கள்" என்று கெஞ்சினான்.

"ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு அடுத்த மாணவி காத்திருக்கிறாள்."

காரிலிருந்து இறங்கித் திரும்பி ஓடி வந்தான். வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போகாத ஒரு கடை. அதற்குள் பாபு தன் சாமான்களைப் போட்டு வைத்திருந்தார். ஜெர்வின் உள்ளே நுழைந்து ஷட்டரை இழுத்து மூடினான். மேசைமேல் கிடந்ததையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு போனை நிறுத்தினான். கழுத்தில் கிடந்த, காதை முழுசாக மூடும் தன் பெரிய ஹெட்போனை மாட்டினான். உலகம் அடங்கியது.

"இப்போது கேட்கிறதா மேடம்?"

"நன்றாகக் கேட்கிறது. கொஞ்சம் எதிரொலிக்கிறது. பெரிய தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறாயா?"

"இல்லை மேடம், சின்னக் கடை."

மனப்பாடத்தை ஒப்பித்தான். மூன்றாவது வாக்கியத்திலேயே அவர் கை உயர்த்தினார்.

"இது எழுதி வைத்ததை வாசிப்பது. எனக்கு இது வேண்டாம். உன் வீட்டில் யாரிடமாவது சொல்வதுபோல முதலில் உன் மொழியில் சொல். எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்."

ஜெர்வின் திகைத்தான். கேட்பவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது என்று தோன்றியதும் நாக்கு தானாக அவிழ்ந்துகொண்டது.

"ஜனவரியில அங்க மூணு மணிக்கே இருட்டிடும். மொத மாசம் துணி தொவைக்கிற ரூம்ல உக்காந்து அழுவேன். மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது பாருங்க. அம்மாகிட்ட தெனமும் சோறாக்கித் தின்னேன்னு சொன்னதெல்லாம் பொய். ரொட்டியும் வாழப்பழமும்தான். பிரியாணியை நெனைச்சிக்கினே தின்னேன்.

"லேப்ல ஒண்ணும் புரியல. கேட்டா அசிங்கம்னு வாயை மூடிக்கினு இருந்தேன். எங்கப்பா ஆரோக்கியசாமி, அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டறாரு. புது மெஷின் வந்தா மேனேஜரையே நிக்க வெச்சு நூறு கேள்வி கேப்பாரு. சின்ன வயசுல அதைப் பாத்து நான் வெக்கப்பட்டிருக்கேன். ஒருநாள் தெகிரியமா அவரு மாதிரியே எந்திரிச்சு எட்டுக் கேள்வி கேட்டேன். அதுல ரெண்டுக்கு லேப்ல யாருக்குமே பதில் தெரியல. அன்னைலேருந்துதான் எனக்குப் படிப்பு வந்துச்சி. அப்பாகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

"அக்கா போயிட்டா ஊட்ல யார்கூட சண்டை போடறதுன்னு தெரியல. மாப்பிள்ளை ஆன்சன் நல்ல மனுசன். மீசைதான் கரப்பாம்பூச்சி ஒட்டிக்கினு இருக்கிற மாதிரி கீது. அக்கா அதைச் சகிச்சிக்கிறான்னா அது நெசமான காதல்தான்."

பிறகு மீசையை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னான். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வாரம் அமைதியைப் பற்றி மட்டும் பதினோரு பேர் பேசிவிட்டார்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன் என்று நீ ஒருவன்தான் சொன்னாய். ஐந்துக்கு ஐந்து. அக்காவுக்கு என் வாழ்த்து."

ஜெர்வின் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். ஷட்டரைத் தூக்கிக்கொண்டு, உலகக் கோப்பையை வென்றவன்போல இரண்டு கைகளையும் உயர்த்தியபடி வெளியே வந்தான். "பாஸ்" என்று அவன் வாய் திறப்பதற்குள் பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

ஷாரன் மருதாணி காயாத கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் பச்சை. லூர்தம்மாள் தட்டு நிறைய பிரியாணியோடு வந்து, மூக்கை உறிஞ்சியபடி ஊட்டிவிட்டாள். யாரையும் தொட்டுப் பேசாத ஆரோக்கியசாமி, மகனின் தோளில் கை போட்டவர் எடுக்கவே இல்லை.

ஜெர்வினுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐந்து மாத உழைப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது? ஆனாலும் ஒன்று இடித்தது. இவர்களுக்கு அதற்குள் எப்படித் தெரியும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஆன்சன் வந்தான். எதிர் சலூனில் போர்த்திய துண்டு இன்னும் அவன் கழுத்தில் தொங்கியது. மேலுதடு மொழுமொழுவென்று மின்னியது.

"கலக்கிட்ட மச்சான். இப்ப ஓகேவா?" என்று கைகுலுக்கிவிட்டுப் போனான்.

வாயில் பிரியாணியோடு ஜெர்வின் திருதிருவென்று விழித்தான். அப்போதுதான் தெருவில் பாட்டே இல்லை என்பது உறைத்தது.

"பாபு அண்ணா, பாட்டு எப்ப நின்னுச்சி? கரண்ட் கட்டா?"

பாபு அவன் காதருகே குனிந்தார்.

"உள்ள நீ தள்ளி உட்டதுல கார்ட்லெஸ் மைக் ஆன் ஆயிடுச்சி தம்பி. நான் ஆஃப் பண்ணத்தான் ஓடினேன், உங்க நைனாதான் கையைப் புடிச்சிக்கினு, 'மைக்கு இருக்கட்டும்டா, பாட்டை நிறுத்து'ன்னாரு."