தட்பவெப்பத்துக்கு ஒரு நாய் செய்த அவமரியாதை

நாய்க்கு முடி கொட்டுதுன்னு ஆரம்பிச்சதுமே, எந்த எண்ணெய் தடவோணும்னு சொல்லப்போறேன்னு பேனாவைத் தேடறீங்க பாருங்க. மூடி வையுங்க. இது வைத்தியம் இல்லீங்க, நிர்வாகம்.

கோயமுத்தூர்த் துடியலூர்ல 'குளிர்த்தென்றல் கார்டன்ஸ்'னு ஒரு அப்பார்ட்மென்ட். "ஊட்டிக் காத்து உங்க ஊட்டுக்குள்ள"ன்னு போர்டு வெச்சு வித்தாங்க. அதை நம்பி மூணாவது மாடி கிருபாசங்கர் ஒரு ஹஸ்கி வாங்கிப்போட்டாரு. பனியில வண்டி இழுக்கற சாதி. பேரு சிம்லா.

பங்குனி பொறந்ததும் சிம்லா கொட்ட ஆரம்பிச்சுது. லிப்ட்ல முடி, ரெண்டாவது மாடி ரசத்துல முடி. சங்கச் செயலாளர் சீனிவாசலுவோட வெள்ளை வேட்டி கம்பளியாட்ட ஆகிப்போச்சு. உடனே வந்துது சுற்றறிக்கை:

"மேற்படி நாய் மேற்படி முடியை மேற்படி வளாகத்தில் உதிர்ப்பதற்கு ஏற்கத்தக்க காரணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்கத் தவறினால், நாய் வளாகத்திலிருந்து நீக்கப்படும்."

கிருபாசங்கருக்குச் சோறு எறங்கலை. ஒண்டிக்கட்டை. ஊட்டுக்கு வந்தா வாலாட்ட அது ஒண்ணுதான் இருக்குது. நாய் டாக்டர்கிட்ட ஓடினாரு. அவரு சீட்டுல எழுதினது இவ்வளவுதான்: "கடும் வெயில். அடிமுடி கழலுது. தெனமும் சீவிவிடுங்க, நெழல்ல வையுங்க."

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டம். ஹால்ல ஏசி பதினெட்டுல ஓடுது. சீட்டைப் படிச்சுப்போட்டு சீனிவாசலு நிமிந்து பாத்தாரு.

"ஏனுங்க கிருபா, வெயிலா? எந்த ஊர்லீங்க?"

"இங்கதானுங்க."

"கோயமுத்தூர்லயா? இதைப் பதிவேட்டுல ஏத்தினா நம்ம பிளாட்டை நாளைக்கு எவனுங்க வாங்குவான்?"

"டாக்டர் எழுதினதுங்க..."

"அவரு மதுரைக்காரரா இருப்பாரு"ன்னாரு பொருளாளர் பாலுசாமி.

பின்வரிசையில ஒருத்தர், "தண்ணி சேரலையோ என்னமோ"ன்னு இழுத்தாரு. கூட்டமே எந்திரிச்சு நின்னுபோச்சு. சிறுவாணித் தண்ணியையா? அவரு கேட்ட மன்னிப்பை மொதல்ல பதிவேட்டுல ஏத்தினாங்க. அப்பறந்தான் தீர்மானம்:

"வளாகத்தில் வெயில் இல்லாமையால், வெயிலால் முடி உதிர இயலாது. ஆகவே மேற்படி முடி உதிரவில்லை."

"அப்ப சிம்லா இருக்கலாமுங்களா?"

"உதிராத முடிக்கு நாயை ஏனுங்க நீக்கோணும்?"ன்னாரு சீனிவாசலு. "ஒரே நிபந்தனை. அதுக்கொரு ஸ்வெட்டர் போட்டு மெயின் கேட் பக்கத்துல நிக்க வெச்சுப்போடுங்க. ஊடு பாக்க வர்றவங்க கண்ணுல படட்டும்."

"எம் பேரன் ஸ்வெட்டர் இருக்குதுங்க, சரியா இருக்கும்"னு பாலுசாமியே ஓடிக் கொண்டாந்தாரு.

கிருபாசங்கர் கையெழுத்துப் போட்டாரு. நாய் மிஞ்சுதே, போதும். சிம்லாவோட தலையை ஸ்வெட்டருக்குள்ள உட்டுட்டு இருக்கறப்ப, கரண்ட் போச்சு.

ஒரு நிமிசம் எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது நிமிசம் தீர்மான நகல் விசிறியாச்சு. அஞ்சாவது நிமிசம் சீனிவாசலு சட்டை நாற்காலி மேல. பாலுசாமி பனியனையும் உருவிப்போட்டாரு.

சிம்லா நாக்கைத் தொங்கப்போட்டு, அவங்களையே பாத்துட்டு நின்னுது.

வாசல்ல முடி கூட்டிட்டு இருந்த ராசாத்தாள் வெளக்கமாத்தைச் சாச்சு வெச்சா.

"ஏனுங்க, நாய் கழட்டினா நோட்டீசு உட்டீங்க. இப்ப நீங்க கழட்டிப்போட்டு உக்காந்திருக்கறதைப் பதிவேட்டுல என்னன்னுங்க எழுதுவீங்க?"