துணி சுருங்கவில்லை

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, பேனா மறுக்கிறது. அங்கே நீயும் மச்சானும் கல்யாணப் பெண்ணும் நலமாக இருங்கள். நம்மில் ஒரு வீடாவது நிம்மதியாக இருக்கட்டும்.

உன் மருமகன், அதாவது என் பிள்ளை, என்னோடு பேசுவதில்லை. உன் மகள் கல்யாணத்துக்கும் வரமாட்டானாம். தப்பு என் மேல்தான் என்கிறாள் உன் அண்ணி. நீயே நியாயம் சொல். கல்யாணத்துக்கென்று அவனுக்குச் சட்டை தைத்தேன். பெற்ற பிள்ளைக்கு டேப் எதற்கு என்று கண்ணளவில் வெட்டினேன். வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் தாராளமும் விட்டேன். ஒரே தடவை நனைத்துக் காயப்போட்டு மாட்டினால் கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது, தோள் பிடிக்கிறது, அக்குளில் தையலே விட்டுப்போனது. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் கத்தரி பிடித்தவன் கண்ணா தப்பும்? துணிதான் சுருங்கிவிட்டது என்று சட்டையைக் கழற்றவிடாமல் அவனைத் துணிக்கடைக்கு இழுத்துப்போனேன். கடை நிறையக் கூட்டம். "கையத் தூக்குடா, நல்லாக் காட்டு" என்றேன். தூக்கினான். கிழிசலும் தெரிந்தது, உள்ளே புதிதாக முளைத்திருந்த முடியும் தெரிந்தது. கடைக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்து, "துணி சுருங்கல மாஸ்டர், பையன் வளந்துட்டான்" என்றார். கடையே சிரித்தது. "அப்பா, போதும்" என்றான். 'அப்பா' கட்டைக் குரலில் வந்தது, 'போதும்' கீச்சென்று போனது. இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. வெளியே வந்தால் கண்ணாடி முன்னால் நின்று பருவைக் கிள்ளுகிறான், மீசை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறான், சோற்றுப் பானையைக் காலி செய்கிறான், என்னடா என்றால் முறைக்கிறான். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "ஹார்மோன் அண்ணே" என்றார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றேன். அவரும் சிரிக்கிறார். இதெல்லாம் போதாதென்று கதவுக்குப் பின்னால் தினமும் போனில் குசுகுசு. காதை வைத்துக் கேட்டேன், எதிர்முனையில் பெண் குரல். என் தையல் கடையில் எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறவன் அவன்தான். இப்போது நானே கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலில் குத்திக்கொள்கிறேன். அவன் பேசாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நீ பெரிய வகுப்புப் பிள்ளைகளையே கட்டி மேய்த்த டீச்சர். கல்யாண வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு ஒரு நடை வந்து, அந்தப் பெண் யார் என்று விசாரி.

மச்சானுக்கு வணக்கம். கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசிகள். கல்யாணமாகி அவளுக்குப் பிள்ளை பிறந்தால் உடனே தகவல் சொல், எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் அண்ணன்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் கடைக்கு வந்து நின்றான். அந்தப் பெண் நீதானாமே! அது போகட்டும், குரல் உடைந்த வயதில் நான் வெட்கப்பட்டு வாயே திறக்காமல் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு திரிந்ததை எதற்கு அவனிடம் சொன்னாய்? "சிலேட்டு வாங்கித் தரட்டுமாப்பா?" என்கிறான். கல்யாணத்துக்கு வருகிறானாம். "கதவச் சாத்திட்டு அளவு எடுங்க" என்றான். சாத்தினேன். கழுத்து எட்டவில்லை, ஸ்டூல் போட்டு ஏறி டேப்பைச் சுற்றினேன். "மூச்ச விடுங்கப்பா, அளவு எனக்குத்தான்" என்றான்.