ஊசியம்மாவின் ஜெயில் பாடம்

ஏற்காட்டில் ஊசியம்மாவிடம் குத்து வாங்காத இடுப்பே கிடையாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். சொந்தப் பெயர் அவருடைய சர்ச்சுக்காரர்களுக்கே மறந்துவிட்டது. மற்ற நர்சுகள் "வலிக்காது" என்பார்கள். இவர் "நொம்ப வலிக்கும், பல்லக் கடிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். குழந்தைகள் ஊசியைப் பார்த்து அழவில்லை, அவருடைய நேர்மையைப் பார்த்து அழுதார்கள்.

ரிட்டயரானதும் சும்மா இருப்பார் என்று நிம்மதியாக இருந்தோம். அவரோ மலைக்குக் கீழே இருக்கும் ஜெயிலில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அனுமதி வாங்கிவிட்டார். பை தூக்க ஓர் ஆள் வேண்டுமாம். ஸ்கூல் கிளார்க் வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். நான் சம்மதித்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் நாளே 'அணில், ஆடு' புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டார். மீசை நரைத்தவர்களிடம் அணிலைக் காட்டினால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும் என்றார். அதற்குப் பதில் மலையில் நிஜமாக நடந்ததைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். வெள்ளக்கடை வளைவில் லாரி கவிழ்ந்தது. காட்டெருமை முட்டி ஒருவர் செத்தது. பிரசவத்துக்குப் போன ஜீப் மழையில் நின்றுபோனது. ஒன்றுகூடச் சிரிக்கிற மாதிரி இருக்காது. கைதிகளில் ஒருவர் பொறுக்கமாட்டாமல், யாரும் சாகாத கதை ஒன்று எழுதித் தரக்கூடாதா என்று கேட்டார். அடுத்த வாரம் ஊசியம்மா எழுதி வந்தார். அதில் ஒருவருக்குக் கால் மட்டும் போயிருந்தது.

அந்த வகுப்பில் சடையன் என்று ஒருவர். வாழவந்திப் பக்கம் காடு வைத்து விவசாயம் பார்த்தவர், ஐம்பது வயதிருக்கும். வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு உள்ளே வந்தவர். சுவரைப் பார்த்து உட்காருவார், பலகையைத் தொடமாட்டார். அவர் ஜெயிலில் இருக்கும்போதுதான் அவருடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். பரோல் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ச்சல் பார்க்க வீட்டுக்குப் போயிருந்த ஊசியம்மாதான் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது. அது தெரிந்த அன்று சடையன் முதல்முறையாகத் திரும்பி உட்கார்ந்து, அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டார்.

"எழுதித் தரேன் கண்ணு. நீயே படிச்சுக்கோ."

சடையன் கெஞ்சினார், திட்டினார், இரண்டு வாரம் வகுப்புக்கே வரவில்லை. இந்த அம்மாவுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஆனால் மூன்றாவது வாரம் வந்து 'அ'வில் ஆரம்பித்தார். பற்களைக் கடித்துக்கொண்டு படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

ஊசியம்மா எழுதி வைத்திருந்ததைப் பஸ்ஸில் நான் வாங்கிப் பார்த்தேன். "மகனையும் கேட்டாள்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று மன்றாடினேன்.

"அது நடக்கலீங்களே," என்றார். "ஆறுதல் சொல்ல அவனுக்கு ஆயிரம் பேருங்க. அன்னிக்கு அவங்க ஊட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்ல நான் ஒருத்திதானுங்க இருக்கறேன்."

சடையன் விரல் வைத்துப் படித்தார். மழை. காய்ச்சல். ஜீப் வர நேரமாகிவிட்டது. கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்று நின்று நகர்ந்தது. "மா... ட்டை... மாட்டைப் பிடித்துக் கட்டினீர்களா என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை."

நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார், காகிதத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன். சடையன் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

"எங்கம்மாதானுங்க," என்றார். "எல்லாரும் எம்பேரச் சொல்லிட்டே உசுர உட்டான்னு சொன்னாங்க. எங்கம்மா எந்நாளுமே எம்பேரச் சொன்னதில்லீங்க. 'டேய்'னுதான் கூப்புடுவா. அதனால நான் நம்பலீங்க. செத்ததையே நம்பலீங்க."

பிறகு அவர் அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊசியம்மா அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டு, அழுது முடியும்வரை நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஊசியம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு வரி சேர்த்திருக்கலாமோ என்று வாரம் பூராவும் யோசித்ததாகச் சொன்னார்.

போன வருஷம் ஊசியம்மா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சடையன் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு 'அ' எழுதக் காட்டுகிறார். வகுப்புக்கு நான் தனியாகத்தான் கீழே இறங்குகிறேன். பஸ்ஸில் யாராவது பக்கத்து சீட்டில் உட்கார வந்தால், "ஆள் வருதுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.