ஆள் இருந்தால்தான் ஹீட்டர்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை உதிரட்டும். சம்பவ இடத்திலேயே ஆரம்பம் முதல் முடிவுவரை இருந்த ஒருவர் சொன்னது.

நகராட்சித் தலைமை எழுத்தர் எதைக் கேட்டாலும் "ஆச்சுன்னு வச்சுக்குங்க" என்பார். அதனால் ஊரே அவரை 'ஆச்சு' என்றது. அன்றைக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அலுவலகத்துக்கு எதிர் மண்டபத்தில் வீடில்லாதவர்களுக்கென ஒதுக்கிய குளிர்காலத் தங்குமிடத்தைப் பார்க்க மதியம் மேலதிகாரி அம்மா வருகிறார். உள்ளே ஆள் படுத்திருந்தால்தான் நிதி. நிதி வந்தால்தான் ஹீட்டர். ஹீட்டர் இருந்தால்தான் ஆள் வரும். பனியோ இன்றைக்கா நாளைக்கா என்று மிரட்டிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் குழந்தை குட்டிகளோடு ஒரு கூட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நியாயம் பேசுகிற பாலத்தக்கா, அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள்.

"இடம் ஆச்சா சார்?"

"ஆச்சுன்னு வச்சுக்கம்மா. எதிர்த்த மண்டபத்துல போய்ப் படுங்க."

"படுத்துப் பாத்தோம். பாலத்தடியில காத்து மட்டும்தான் கடிக்குது. உங்க மண்டபத்துல தரையும் சேந்து கடிக்குது. ஹீட்டர் போட்டுட்டுக் கூப்புடுங்க."

"நாளைக்கு வா!"

ஜன்னல் சாத்திக்கொண்டது. சர்வீஸ் பழக்கம், வாய் சொன்னால் கை தானாகச் சாத்தும்.

ஆச்சு அசரவில்லை. தன் மாமியாரையே அழைத்துவந்து மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்.

"பொண்ணைக் குடுத்த அன்னிக்கே நெனச்சேன் மாப்பிள்ளை, ஒருநாள் என்னை நடுத்தெருவுல நிறுத்துவீங்கன்னு."

"நடுத்தெரு இல்லத்தே, மண்டபம். அதிகாரி வந்துட்டுப் போறவரைக்கும் வீடில்லாதவங்களா இருங்க, போதும்."

"இருக்கேன். ஆனா பல்லு தந்தியடிக்குதே!"

மாமியார் விறைத்துப்போனால் மனைவிக்கு யார் பதில் சொல்வது? அலுவலகத்திலேயே ஒரே ஒரு ஹீட்டர், சேர்மன் அறையில் இருந்தது. அதைத் தூக்கி வந்தார். குளிர் போயிற்று. சேர்மன் வந்தார்.

"யோவ், என் ஹீட்டர் எங்கய்யா?"

"இதோ ஐயா. சித்த நேரம் உக்காந்து காயுங்க."

உட்கார்ந்தவர் சாய்ந்தார். சாய்ந்தவர் அங்கே கிடந்த கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்து மூடினார். குறட்டை அலுவலகம்வரை கேட்டது. சேர்மனே படுத்தபிறகு மற்றவர்களுக்கு என்ன? கணக்குப் பிரிவு வந்தது, வரிப் பிரிவு வந்தது, சுகாதாரப் பிரிவு தலையணையோடு வந்தது. அலுவலகத்தில் தலையணை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

அதிகாரி அம்மா நுழைந்தபோது எள் போட இடமில்லை.

"அடடா, இத்தனை பேரா!" என்றவர், மாமியார் பக்கம் குனிந்தார். "உங்களுக்குன்னு யாருமே இல்லையாம்மா?"

"ஒரு மாப்பிள்ளை இருக்கான் தாயி. இருந்துமே இந்தக் கதி."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிதி இன்னிக்கே வந்துரும்" என்றார் ஆச்சுவிடம்.

"ஆச்சுன்னு வச்சுக்கறேன் மேடம்!"

"ஆனா இந்த இடம் பத்தாது. எதிர்ல ஒரு பெரிய கட்டிடம், முதல்ல அங்கதான் போனேன். ஜமுக்காளம், திரைச்சீலை எல்லாம் இருக்கு. ஒவ்வொரு ரூமாப் போய்க் கூப்பிட்டேன், ஈ காக்கா இல்ல. வேலை பாக்கற இடம்னா ஒரு ஆளாவது இருக்கமாட்டானா? வாசல்ல ஒரு பொம்பள குழந்தைங்களோட நடுங்கிட்டு நின்னா. கதவுல தொங்கின சாவியை அவகிட்டயே குடுத்துட்டேன். குளிர்காலம் முடியறவரைக்கும் அது அவங்களுக்கு. புது ஹீட்டரெல்லாம் அங்கதான் போகணும்."

ஆச்சு வெளியே ஓடினார். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. தன் அலுவலக ஜன்னலைத் தட்டினார். திறந்தது பாலத்தக்கா. அவளுக்குப் பின்னால், ஆச்சுவின் சுழல் நாற்காலியில் நான்கு குழந்தைகள் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தன.

"அக்கா, என் கோட்டு உள்ள மாட்டிக் கெடக்கு. அதையாவது…"

"ஆச்சுன்னு வச்சுக்குங்க சார். நாளைக்கு வாங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து எனக்குச் சொன்னவர் சேர்மன். அன்று பொழுது சாயும்வரை அவர் அந்தக் கம்பளியை விலக்கவே இல்லை.