லாய்ட் ப்ரென்னிமன் தன் பெயரைக் கேட்டுப் போனது

இதை எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு மாவிஸ் அக்கா. போன தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, பர்பேங்க் ஊரில் எங்கள் மாதா கோயில் சமையற்கட்டில் இருவரும் அன்றைய விருந்துக்குப் பொரிக்கிற மீனுக்கு மாவு தடவிக்கொண்டிருந்தோம்.

அக்காவின் கணவர் லாய்ட் ப்ரென்னிமன் ஒரு நடிகர். நாற்பத்து நாலு வருடத்தில் பதினாலு முறை டாக்டர், ஒன்பது முறை நீதிபதி, முப்பத்தோரு முறை பிணம். அவர் முகம் நாடு முழுக்கத் தெரியும். பெயர் அக்காவுக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

முழங்கால் அறுவைக்காக ரெண்டு வருடம் நடிகர் சங்கத்திலிருந்து முறைப்படி விலகியிருந்தார். இப்போது ஒரு தொடரில் மறுபடி நீதிபதி வேடம். இதோடு ஓய்வு, முடிவில் ஓடும் பட்டியலில் இன்னொரு தடவை என் பெயர் வந்தால் போதும் என்று, பெயரை மறுபடி பதிய சங்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஒரே பெயரில் இருவர் நடிக்கலாகாது என்பது சங்கத்தின் மேன்மை பொருந்திய விதி.

"லாய்ட் ப்ரென்னிமன் ஏற்கனவே இருக்கார் சார்," என்றாராம் அங்கிருந்த டார்லீன் அம்மாள். "பல்பசை விளம்பரத்துல சிரிக்கிறவர்."

"லாய்ட் ப்ரென்னிமன் நான்தாம்மா."

"பதிவேட்டுல வயசு இருபத்திமூணு. உங்களுக்கு?"

"எழுபத்தொண்ணு."

"பாத்தீங்களா, பொருந்தல."

"எங்கம்மா வெச்ச பேரும்மா அது!"

"உங்கம்மா சங்க உறுப்பினரா?"

பிறகு அவரை உற்றுப் பார்த்து, "உங்களை எங்கயோ பாத்திருக்கேனே. எங்க பல் டாக்டர்தானே நீங்க?" என்றாராம்.

ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், பெயருக்கு நடுவில் 'கியூ' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வழங்கப்பட்டது. மறுநாளே விண்ணப்பம் திரும்பி வந்தது. கியூவுக்கு விரிவு எழுதப்படவில்லையாம்.

"நீங்க குடுத்த எழுத்துதானேம்மா?"

"குடுத்தது நாங்க சார். அர்த்தம் உங்க பொறுப்பு."

அடுத்த வெள்ளிக்குள் தீராவிட்டால் பட்டியல் அவர் பெயர் இல்லாமலே போய்விடும் என்று அக்கா மாவுக்கையோடு அழுதார். எனக்கு வேறென்ன தெரியும்? நவநாள் ஜெபம் தொடங்கினேன். நவநாளுக்கு ஒன்பது நாள், கெடுவுக்கோ ஏழே நாள். மிச்ச ரெண்டு நாள் ஜெபத்தையும் நடுவிலேயே சேர்த்துச் சொல்லிவிட்டேன். கர்த்தர் விரிவு ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பல்பசைப் பையனே விஷயம் கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் கோழிக்கறி கொண்டு போயிருந்தேன்.

"இந்தப் பேர் உனக்கு எப்படிப்பா கிடைச்சுது?" என்று லாய்ட் அண்ணன் கேட்டார்.

"என் சொந்தப் பேர்ல சங்கத்துல வேற ஆள் இருந்தார் சார். டிவியில ஒரு படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடிச்சு. இது அழகாவும் இருந்துச்சு, யாரும் கேள்விப்படாததாவும் இருந்துச்சு."

அண்ணன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "நாப்பத்துநாலு வருஷத்துல என் பேரைப் படிச்ச ஒரே ஆள் நீதான்டா ராஜா."

பையன் கண் கலங்கி, பெயரை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். "அந்தக் கியூவை நான் எடுத்துக்கறேன் சார். விரிவு யோசிக்க எனக்கு வயசு இருக்கு," என்றான்.

தொடர் வெளியான அன்று எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடினோம். மற்றவர் கையெல்லாம் பொரித்த கோழி எண்ணெய், அதனால் ரிமோட் என்னிடம் இருந்தது. நீதிபதியாக அண்ணன் சுத்தியலைத் தட்டினார், கொலைகாரன் யார் என்று சொல்ல சாட்சி வாய் திறந்தாள், பாகம் முடிந்தது. மூலையில் பொடி எழுத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கின. பக்கத்தில் 'அடுத்த பாகம்' என்று ஒரு கட்டம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அழுத்திவிட்டேன்.

"பெர்னீஸ்! அவர் பேர் வந்துச்சாடி?" என்று அக்கா கத்தினார்.

திரும்பப் போட எனக்குத் தெரியாது. அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "விடும்மா, அப்புறம் பாத்துக்கலாம். யாரு கொன்னான்னு எனக்கும் தெரியணும்."

உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படம் முடிந்ததும் ரிமோட்டை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிடுங்கள்.