ஜவுபர் பெட்டி தூக்கிய கதை

“எங்க மாப்பிள்ள, காலங்காத்தால பெட்டியோட?”

மாமி ஹவ்வா உம்மா கேற்றடியில் நின்று கேட்டதும் ஜவுபரின் கையிலிருந்த பெட்டி இரண்டு மடங்கு கனத்தது.

“சும்மா, மாமி. இறக்காமத்துக்கு, உம்மாட வீட்ட.”

“சும்மா போறவங்க பெருநாள் சட்டையும் கலியாணப் போட்டோவும் கொண்டு போவாங்களா?”

ஜவுபர் பெட்டியோடு ஓடிப்போய் பஸ் ஏறினான். அதுதான் அவன் செய்த முதல் பிழை. நிந்தவூரில் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வந்த மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கினால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கோவிச்சுக்கொண்டு போறான்.

விசயம் அதுவல்ல. ஜவுபர் பல்கலைக்கழகக் கம்பஸின் விடுதிப் பிரிவில் ஐந்து வருசமாகத் தற்காலிக எழுதுநர். இப்போது ஆண்கள் விடுதிக்கு சப் வார்டன் வேணுமென்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நிரந்தர வேலை. கூடவே குவாட்டர்ஸ். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, மாமி இல்லை.

ஹவ்வா உம்மா கெட்ட மனுசியில்லை, அல்லாவுக்குப் பொதுவாய்ச் சொல்லவேணும். ஆனால் இரவு பத்தானால் கேற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வா. பிறகு மாப்பிள்ளையும் வெளியே போக ஏலாது, வானத்து மலாயிக்கத்தும் உள்ளே வர ஏலாது. வாடகைக்கு விடவென்று எட்டு அறையோடு ஒரு மேல்மாடி கட்டி வைத்திருந்தா. மூன்று வருசமாக ஒரு குருவியும் குடிவரவில்லை. அதை வெள்ளிக்கு வெள்ளி கூட்டிக் கழுவுவது மாப்பிள்ளையின் கடமை.

சப் வார்டன் வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. விண்ணப்பகாரரின் நிரந்தர வீடு கம்பஸிலிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கவேணும். மாமி வீடு கூப்பிடு தூரம். ஜவுபர் இறக்காமத்து விலாசத்தை எழுதிப்போட்டான். புதன்கிழமை பின்னேரம் வீடு பார்க்க அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. அதுதான் இன்றைக்கு. வீட்டுக் கொடியில் அவனுடைய சட்டையாவது தொங்கவேண்டாமா?

இதெல்லாம் பெண்சாதி றஸ்னாவுக்கு மட்டும் தெரியும். வேலை கைக்கு வருமட்டும் வாய் திறப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

பதினொரு மணிக்கு றஸ்னா அவனுக்குப் போன் எடுத்தாள்.

“உம்மா அழுறா. மீன்காரரும் வந்து கேக்கிறார், தலாக்கா எண்டு. நான் என்ன செல்லுற?”

“ஒண்டும் செல்லாத.”

“செல்லாம இருந்தா அதுதான் சாட்சி எண்டுறாங்க.”

ஜவுபர் யோசித்தான். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

“என்ட உம்மாக்குச் சுகமில்ல எண்டு செல்லு.”

இரண்டு மணியாகவில்லை, இறக்காமத்து வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணி, அதற்குப் பின்னால் ஹவ்வா உம்மா இறங்கினா. எதற்கும் இருக்கட்டுமென்று, ஊர்ப் பிணக்குத் தீர்க்கிற பள்ளிவாசல் மரைக்கார் ஸைனுலாப்தீனையும் கூட்டி வந்திருந்தா.

ஜவுபர் முற்றத்துக்கு ஓடினான். “உம்மா, கெதியாப் போய்ப் படுங்க.”

அவனைப் பெத்த சல்மா உம்மா போன மாசம் வேலிக்கு வந்த யானையைத் தகரம் தட்டி விரட்டியவ. “நெல்லுக் காயுது, எனக்கென்னடா படுக்கை?” என்று அரைமூட்டை நெல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே மாமியின் முன்னால் போய் நின்றா.

“உங்களுக்குச் சுகமில்லையாமே?”

“ஆருக்கு? எனக்கா?”

ஹவ்வா உம்மா வாழைப்பழத்தைக் கீழே வைத்தா. “அப்ப கோவம்தான். மரைக்கார், நீங்க கதைங்க.”

மரைக்கார் கதிரையை இழுத்துப் போட்டார். “மகன், புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் பிரச்சின இரிக்கும்.”

“எங்களுக்குள்ள ஒண்டுமே இல்ல, மரைக்கார்.”

“ஒண்டுமே இல்லையா? அப்ப இது பெரிய கோளாறு.”

அந்த நேரம் பார்த்துக் கம்பஸ் ஜீப் வந்தது. கையில் கோப்போடு நிர்வாக அதிகாரி அபுல் ஹஸன், பின்னால் பியோன் றம்ஸீன்.

“ஜவுபர், இதுதானே நீங்க நிரந்தரமா இருக்கிற வீடு?”

கோப்பைக் கண்ட மரைக்கார், தலாக் எழுதுகிற காதி கோட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதென்று பதறிப்போனார். “சேர், அவசரப்பட்டு எழுதிராதீங்க. இவர் நிந்தவூர் மாப்பிள்ள. மூணு வருசமாத் தின்டு படுத்து எழும்புறது எல்லாம் அங்கதான். இங்க வந்து ஆறு மணித்தியாலம்தான் ஆகுது. பொழுதுபட முந்திக் கூட்டிப் போயிருவம்.”

அதிகாரி கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஜவுபரின் நிரந்தர வேலையும் குசினியும் அந்தப் பேனையோடு போய்க்கொண்டிருந்தன. முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைக்கிறது? எல்லார் முன்னாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான்.

மாமி ஏசவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அதிகாரிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா.

“குவாட்டர்ஸ் கேட்டு என்ன செய்யிற?” என்று அதிகாரி அலுத்துக்கொண்டார். “முதலாம் வருசப் பொடியனுகள் நாப்பது பேர் படுக்க இடமில்லாம நிக்கிறானுகள். எனக்குத் தலையிடி.”

போகும்போது மாமி அவரை ஜீப் மட்டும் கூட்டிப்போனா. கால் மணித்தியாலம் கதைத்தா. விரலை ஒவ்வொன்றாக மடக்கி எட்டு வரைக்கும் எண்ணினா. என்னில் எட்டுக் குற்றமா என்று ஜவுபர் வாசலில் குந்தியபடி கணக்குப் பார்த்தான். அவனுக்கு ஆறுதான் ஞாபகம் வந்தது.

திரும்பும் வழியில் பெட்டி அவன் மடியில் இருந்தது. “போட்டோக் கண்ணாடி உடையாமப் புடிங்க” என்றா மாமி.

மூன்று கிழமை கழித்துப் பதிவுத்தபால் வந்தது. சப் வார்டன், நிரந்தர நியமனம், குவாட்டர்ஸ் உட்பட. ஜவுபர் மூன்று தரம் வாசித்தான். கண் கலங்கிவிட்டது. றஸ்னா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றா மாமி. அவன் பெட்டி அடுக்கும்போது சட்டைகளை மடித்துக்கூடக் கொடுத்தா. “போயிட்டு வாங்க மாப்பிள்ள” என்று சிரித்தா. இந்த நல்ல மனுசியை விட்டுப் போகிறோமே என்று அவனுக்கு ஒரு நிமிசம் கவலையாகவும் இருந்தது.

இந்த முறை தெருவே பார்க்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியோடு நடந்தான். கம்பஸ் கந்தோர் வாசலில் றம்ஸீன் உட்கார்ந்திருந்தான்.

“குவாட்டர்ஸ் சாவியத் தாங்க, றம்ஸீன்.”

றம்ஸீன் பெட்டியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

“இதை ஏன் இங்க சுமந்து வந்தீங்க? புது விடுதி உங்கட மாமிட மேல்மாடிதானே. வீட்டு மாப்பிள்ளய வார்டனாப் போட்டு அங்கயே இருத்தினாத்தான் மாடியத் தருவன் எண்டு ஒத்தக்கால்ல நிண்டு பதினஞ்சு கிலோமீற்றர் நிபந்தனயயே வெட்ட வெச்சவ அவதான், சாவியும் அவட இடுப்பிலதான் இரிக்கி.”