காபி எனப்படும் உப்பு

பொதிவுக் குறைப்புத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. இனிச் சாப்பாட்டுச் சாமான் எதையும் பிளாஸ்டிக் கவரில் வாங்கலாகாது. அவரவர் வீட்டுப் பழைய பாட்டிலையும் டப்பாவையும் கடைக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஊரே முணுமுணுத்தது. சந்தோஷப்பட்டவள் ஒரே ஒருத்தி, மூன்றாவது தெருத் தையல்காரி.

இருபது வருஷமாக அவள் ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. "எதுக்கு இந்தக் குப்பை?" என்று கேட்டுக் கேட்டு அவள் கணவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காலி காபி பாட்டிலில் உப்பு, ஜாம் பாட்டிலில் மிளகாய்த்தூள், ஐஸ்கிரீம் டப்பாவில் உரித்த பூண்டு, மகனுடைய பால்பவுடர் டின்னில் பருப்பு. மகன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டான். டின் மட்டும் இன்னும் ஆறு மாதக் குழந்தைக்கு உரியதாகவே இருந்தது. உண்மையான காபித்தூள் தேன் பாட்டிலில் இருந்தது. ஆக மொத்தம் முப்பத்தொன்று. எது எதில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கணவருக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாலும் தெரியாது.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி வந்தார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று அவள் தலையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள். அவரோ அதே துறையின் லேபிள் வாய்மைப் பிரிவைச் சேர்ந்தவர். நேராகச் சமையலறைக்குப் போய்க் காபி பாட்டிலைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார்.

"வெளியில காபின்னு போட்டிருக்கு. உள்ள உப்பு. இது கொள்கலன்வழிப் பொய்யுரைம்மா."

"லேபிளைப் பிச்சிடுறேன் சார்."

"பிச்சா அது அநாமதேயக் கொள்கலன். அதுல உணவு வைக்கவே கூடாது."

"அப்போ உப்புன்னு நானே சீட்டு எழுதி ஒட்டிடுறேன்."

"நீங்க என்ன உப்புக் கம்பெனியா? போலி லேபிளுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அவங்க என்னை மாதிரி தன்மையா பேச மாட்டாங்க."

"இப்ப என்னதான் சார் பண்றது?"

"முப்பத்தொண்ணையும் பறிமுதல் பண்ணணும். பயப்படாதீங்க, சாமானைப் புதுக் கவர்ல கொட்டி, சீல் வெச்சு, சரியான லேபிள் ஒட்டி உங்ககிட்டயே குடுத்துடுவோம்."

"பிளாஸ்டிக் கவர்லயா?"

"பின்ன? சுத்தமா இருக்க வேண்டாமா?"

தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. பால்பவுடர் டின்னை எடுத்து, ஒரு காலத்தில் மகனைத் தூக்கி வைத்திருந்த அதே இடுப்பில் வைத்துக்கொண்டு, "இதைத் தர மாட்டேன் சார்" என்றாள். அதிகாரிக்கு மனம் இளகியது. பைக்குள் கையை விட்டு ஒரு கட்டுப் படிவங்களை எடுத்தார்.

"விதி பதினாலு இருக்கு. டப்பாவை மாத்த முடியாட்டி சாமானோட பேரை மாத்திக்கலாம். இந்த வீட்டு எல்லைக்குள்ள இந்த உப்பு இனிமே காபி எனப்படும். சம்மதமா?"

"எனப்படட்டும் சார்! டப்பா எங்கிட்ட இருந்தா போதும்."

அவர் கையெழுத்தும் அவள் கையெழுத்தும் மாறி மாறிப் பறந்தன. பருப்பு பால்பவுடர் எனப்பட்டது. பூண்டு ஐஸ்கிரீம் எனப்பட்டது. காபித்தூள் தேன் எனப்பட்டது. பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசியும் நூலும். இது உணவே இல்லையே என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அதையும் பிஸ்கட் ஆக்கினார். இருபதாவது டப்பா தாண்டியதும், டப்பாக்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கணவரையும் சேர்த்து மூவருக்கும் சிரிப்பில் தலைகால் புரியவில்லை.

"எம்மேலயும் குடும்பத் தலைவர்னு லேபிள் இருக்கு சார். உள்ளடக்கம் அது இல்ல" என்றார் கணவர்.

"அது வேற துறை" என்றார் அதிகாரி, சிரித்துச் சிரித்து நீர் வந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கை ஓஞ்சு போச்சு. ஒரு காபி கிடைக்குமாம்மா?"

கணவர் தேன் பாட்டிலை எடுக்கப் போனார். தையல்காரி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அது தேனுங்க. சார் இப்பத்தான் கையெழுத்துப் போட்டாரு."

விதியை மீறினால் டப்பா போய்விடுமே என்ற பயம் பாதி, குறும்பு பாதி. காபி பாட்டிலிலிருந்து நிறைய இரண்டு ஸ்பூன் எடுத்துச் சூடான பாலில் கலக்கிக் கொடுத்தாள். முதல் வாயிலேயே அதிகாரிக்கு விழி பிதுங்கியது.

"என்னம்மா இது?"

"காபி சார்" என்றாள் அவள், முத்திரை ஈரம் காயாத ஆணையை அவர் முன்னால் நகர்த்தி.

அவர் ஆணையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். இது காபி இல்லை என்றால் முப்பத்தொரு கையெழுத்தும் பொய். கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"நல்லா இருக்கு."

"இன்னொரு டம்ளர் தரட்டுமா சார்?"

"போதும்மா, போதும்" என்று எழுந்தவர், வாசலில் சற்று நேரம் அப்படியே நின்றார். உப்பு வேலை செய்ததோ என்னவோ, அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்துவிட்டது.

அடுத்த மாதம் புதிய சுற்றறிக்கை வந்தது. ஒரே நாளில் ஊரில் பிளாஸ்டிக் கவர் அடியோடு ஒழிந்தது. துறைக்கு விருதும் கிடைத்தது.

தையல்காரி வழக்கம்போல நான்கு பாட்டில்களைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரன் பாட்டிலை ஏறெடுத்தும் பார்க்காமல் அரிசியைப் பளபளவென்ற ஒரு கவரில் கொட்டினான்.

"என்ன தம்பி, இது பிளாஸ்டிக் ஆச்சே!"

"இது துணிப்பை, அக்கா."

"துணி தைக்கிறவகிட்டயே சொல்றியா? இதை எந்தப் பைத்தியம் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுச்சு?"

கடைக்காரன் சுவரைக் காட்டினான். அங்கே சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. 'பிளாஸ்டிக் கவர் இனித் துணிப்பை எனப்படும். முன்னுதாரணம்: மூன்றாவது தெரு, தையல்காரி வீட்டு உப்பு.' கீழே அவளுடைய கையெழுத்தின் நகல், சுழியெல்லாம் தெளிவாக.

அவளுக்கு முகம் சுருங்கிப் போனது. பாட்டில் சுமந்த தோள் வேறு விண்விண்ணென்று வலித்தது. தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அரிசி கனமா இருக்கேக்கா, துணிப்பை ஒண்ணு போதுமா?"

"ரெண்டாப் போட்டுக் குடு" என்றாள் தையல்காரி.